வாது காண்பார் கடன்

ஒரு பொருளின்கண் ஐயம் நிகழ்ந்தவழி, அதனை அறுத்தற்பொருட்டு அறிவுடையார் இருவர் மாறுபட நின்று வழக்கிடுதலும், ஏனையோர் அருகிருந்து கேட்டுத் தெளிதலும் நம் நாட்டில் தொன்றுதொட்டு வந்த முறையாகும். கௌதமரது நியாய நூல் அவ்வழக்கினை வாதம், சற்பம், விதண்டை என மூன்றாக வகுக்கும். உண்மை காண்டல் ஒன்றே கருதி, அளவையும் தருக்கமும் துணையாகத் தன் கோளை நிறுவியும் பிறன் கோளை மறுத்தும் செல்வது வாதம். வெற்றியே கருதிச் சொற்புரட்டும் போலி மறுப்பும் விரவிச் செல்வது சற்பம். தனக்கென ஒரு கோளும் இன்றிப் பிறன் கூறியதை அழித்தலே தொழிலாக நிற்பது விதண்டை. பின்னைய இரண்டும் முற்றும் விலக்கற்பாலன என்று அந்நூல் கூறிற்றில்லை. இளமுளையை ஆடுமாடு மேயாவண்ணம் முள்ளால் வேலி கோலுமாறு போல, மெய்ப்பொருளைக் காத்தற்கு அவையும் ஒரோவழி வேண்டப்படும் என்றே கூறிற்று. முள் வேலிக்கு ஆம், உணவிற்கு ஆகாது.

இந்நாளில் அவ்வழக்குத் தொலைக்காட்சிப் பெட்டியினுட் புகுந்துளது. நாள் முழுதும் செய்தியே கூறும் நிலையங்கள் தமிழ்நாட்டிற் பல. ‘புதிய தலைமுறை’ 2011ஆம் ஆண்டிலும், ‘தந்தி’ 2012ஆம் ஆண்டிலும் தொடங்கின. முன்னதில் ‘நேர்படப் பேசு’ எனவும், பின்னதில் ‘ஆயுத எழுத்து’ எனவும் பெயரிய சொற்போர்கள் புகழ் பெற்றன. ஆய்தம் என்பது நுணுக்கத்தைக் குறிக்குஞ் சொல். ஆயுதம் என்பதோ படைக்கலம். நுணுக்கத்தின் பெயர் தாங்கிய எழுத்துப் படைக்கலத்தின் பெயர் தாங்குவதாயிற்று என்று இலக்கணம் வல்லார் நகைப்பின், அந்நகை முற்றும் பொருளற்றதாகாது. அரசியற் கட்சியாரும், எழுத்தாளரும், பேராசிரியரும், விமரிசகர் எனப் பெயர் பூண்டோரும் இரவுதோறும் நால்வர் ஐவராகச் சிறு சிறு கட்டங்களுள் தோன்றி வழக்கிடுகின்றனர். பல்லாயிரம் இல்லங்களில் மக்கள் அவர்களைக் கண்டிருக்கின்றனர்.

இவ்வாதுகளின் தரத்தைக் குறித்து வருந்துவோர் பலர். வாதிடுவாரையும், நெறியாளரையும், நிலையத்தாரையும் குறை கூறுதல் எளிது. அவர்பாற் குற்றமில்லை என்பதன்று. ஆயினும் வாதிற்கு உறுப்பு மூன்று. கூறுவோன், மறுப்போன், அவை என்பன. மூன்றாம் உறுப்பினை எண்ணுவார் சிலர். காண்பாரின் கடன் யாது, அக்கடனின் அவர் வழுவுமிடம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாம்.

கி.பி. 2024ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 18, 19ஆம் நாட்களில், கள்ளக்குறிச்சி நகரைச் சார்ந்த கருணாபுரத்திலே கூலித்தொழில் செய்து பிழைப்போர் பலர் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து வீழ்ந்தனர். 200க்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர். 65க்கு மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடம்பினுட் சென்றபின் பார்மிக் அமிலமாகத் திரிந்து, கண்ணின் நரம்பைக் கெடுத்து, உயிரையும் கவர்வது. ஏறக்குறைய ஓராண்டின் முன்னர், 2023 மே திங்களில், மரக்காணத்திலும் செங்கற்பட்டுப் பகுதியிலும் இக்கேடே நிகழ்ந்து 20க்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர்.

கருணாபுரத்திற் பாடைகள் வரிசையாகச் சென்ற அந்நாட்களில் தொலைக்காட்சி வாதுகளும் பெருகின. முழு மதுவிலக்கு வேண்டும் என்பது ஒரு கோள். விலக்கினாற் கள்ளச்சாராயமே பெருகும் என்பது மற்றொரு கோள். இறந்தோர் குடும்பத்திற்கு அரசு அறிவித்த 10 இலட்சம் ரூபாய் அறமாகுமோ ஆகாதோ என்பது மூன்றாவதொரு பூசல். இவையெல்லாம் உண்மையில் வாதிக்கத்தக்க பொருள்களே. இராசகோபாலாச்சாரியார் 1937ஆம் ஆண்டிற் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் அது தளர்த்தப்பட்டது, பின்னர் மீண்டது, 1981இல் மீட்டும் தளர்ந்தது, 2003 முதற் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. இவ்வரலாற்றை ஒருங்கு நோக்குவார்க்கு விலக்கும் எளிதன்று, விற்பனையும் தூய்தன்று என்பது புலனாகும். ஆதலின், இரு திறத்தாரும் தத்தம் சான்றுகளைக் கொணர்ந்து வைத்துப் பொறுமையுடன் வழக்கிடுதற்குரிய பொருள் இதனின் மிக்கது பிறிதில்லை எனலாம்.

கல்வராயன்மலையும் அவ்வாதுகளுட் புகுந்தது. அம்மலையில் வெல்லத்தையும் மரப்பட்டையையும் ஊறலிட்டுச் சாராயம் வடித்தல் நெடுநாளாக நிகழ்வது; அது குற்றமே. எனினும், அறுபதின்மருக்கு மேற்பட்டோர் உயிரைக் கவரும் அளவினதாகிய மெத்தனால் மலையூறலின் வடிவதன்று. அது இரசாயன ஆலைகளிற் செய்யப்பட்டு, வேறு தொழிற்சாலைகட்குச் செல்லும் சரக்கு. ஆலைச் சரக்குக் கூலியாளனது குவளைக்கு எவ்வழி வந்தது, இடைநின்றார் யாவர், காவலர் யாண்டையர் என்பனவே முதற்கண் எழற்பாலனவாகிய வினாக்கள். மலையையும் ஆலையையும் ஒன்றாகக் குழைத்து ஒருவர் பேசுங்கால், கேட்போன் தன் உள்ளத்தின்கண்ணாவது அவரைத் தடுத்து நிறுத்தல் வேண்டும். கள்ளக்குறிச்சியின் தேநீர்க் கடைகளிலும், வெள்ளிமலை முதலிய மலையூர்களின் திண்ணைகளிலும், ஏன், நாடெங்கணுமே, மறுநாட் காலையிற் பெரும்பாலும் எழுந்த வினா அதுவன்று. ‘நேற்றிரவு யார் யாரை மடக்கினார்?’ என்பதே அது. கருணாபுரம் அருகிருப்ப, அதன் துயரைப் பெட்டியுட் கண்டு, அதனுள்ளும் வெற்றி தோல்வியையே கண்டனர். இஃது யாங்ஙனம் நேர்ந்தது?

இதனை உணர்தற்கு அவையென்பது பண்டு யாதாக இருந்தது என நோக்குக. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019ஆம் ஆண்டில் விழுப்புரத்தினின்றும் பிரிக்கப்பட்டது. அதனுள் அடங்கியது திருநாவலூர். ஆண்டுப் பிறந்தவர் நம்பியாரூரர். அவரது திருமணம் புத்தூரில் நிகழவிருந்த அமையத்து, முதிய அந்தணர் ஒருவர் புகுந்து, ‘இவன் எனக்கு வழியடிமை’ என வழக்குரைத்ததும், வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றதும் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்த வரலாறு. சைவ நன்மக்கள் அதனை இறைவன் தடுத்தாட்கொண்ட அருட்செயலாகவே ஓதி உருகுவர், அது தகும. ஆயினும் அதனுள் ஓர் அவையின் வரலாறும் உண்டு. அதனை ஊன்றி நோக்குவார் அரியர்.

அவ்வவையார் முதியவர் சொல்லைக் கேட்டவுடன் யாது நினைந்தனர்? அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் உலகில் இல்லை என்றே நினைந்தனர். அதனை வெளிப்படவும் கூறினர். அவர்தம் முதற்கோள் நம்பியாரூரர் பக்கமே நின்றது. அவரும் எளியர் அல்லர். திருமுனைப்பாடி வேந்தராகிய நரசிங்கமுனையர் மகன்மை கொண்டு வளர்த்த செல்வர், மணக்கோலத்தோடு நிற்பவர். எதிர் நின்றவரோ ஊரும் பேரும் தெளியாத கிழவர். ஆயினும் அவையோர் தம் கருத்தையே தீர்ப்பாக்கிவிட்டிலர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றனால் நும் வழக்கை நாட்டுக என்றனர். முன்னரே ஓலையொன்று நம்பியாரூரராற் கிழித்தெறியப்பட்டிருந்தது. அது படியோலையே என்று கூறி, முதியவர் மூலவோலையை எடுத்து நீட்டினார். அவையிற் கரணத்தான் அதனைப் படித்தான். நம்பியாரூரரின் பாட்டனார் எழுத்துத்தானா என்னும் ஐயம் எழ, அவர் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பினின்றும் வருவித்து, இரண்டையும் ஒத்து நோக்கினர். எழுத்து ஒத்தது. ‘நம்பி, நீர் தோற்றீர், இவர்க்குப் பணி செய்தல் உமக்குக் கடன்’ என்றனர்.

தாம் முதலில் நம்பியதற்கு மாறாகவே அவ்வவை தீர்ப்புக் கூறிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இதுவே அவைக்கு உரைகல். ஓர் அவை தன் பக்கத்தார்க்குத் தீர்ப்பளித்தவழி, அது நடுவுநிலையால் அளித்ததோ பற்றினால் அளித்ததோ என்று அறிதற்கு வழியில்லை. தன் கோளுக்கு மாறாக ஒருகாலேனும் தீர்ப்பளிக்க வல்லதாயின், அதுவே அவையாம். அல்லுழி அது கூட்டம்.

இனி, பண்டை வாதிற்கு முடிவென ஒன்றிருந்தது. நியாய நூலார் தோல்வித்தானம் 22 எனக் கணக்கிட்டனர். தான் மேற்கொண்டதனைவிட்டு வேறொன்றனை மேற்கொள்ளுதல், பொருட்டொடர்பில்லாததனைப் புகுத்துதல், கூறியதே கூறல், மறுமொழி தோன்றாது நிற்றல், வேறு வேலையுண்டென்று எழுந்துபோதல் முதலியன அவற்றுள் அடங்கும். இவற்றுள் ஒன்று நிகழ்ந்தவுடன் வாதி தோற்றானாவன். அவையோர் அதனைக் கண்டுரைத்தல் வேண்டும். தொலைக்காட்சி வாதிலோ தோல்வித்தானம் என ஒன்றும் இல்லை. மெத்தனாலைப் பற்றி வினாவப்பட்டவர் இருபதாண்டின் முன் எதிர்க்கட்சி செய்த பிழையைக் கூறுவர். அது தொடர்பற்றது என்று எடுத்துரைப்பார் இல்லை. மறுமொழி தோன்றாது ஒருவர் திகைக்கும் அமையத்து விளம்பரம் வந்து காக்கும். நால்வர் ஒருங்கே பேச, ஒருவர் சொல்லும் செவிப்படாதொழியும். முடிவில் நேரம் முடிந்தது என்பரேயன்றி வழக்கு முடிந்தது என்னார். ஆதலால் எல்லாரும் வென்றவராகவே இல்லம் மீள்வர். அவரவர்பாற் பற்றுடையாரும் அவ்வாறே கருதி உறங்கச் செல்வர்.

திருவிழா நாட்களிற் சாலமன் பாப்பையா முதலானோர் நடுவராக இருந்து நடத்தும் பட்டிமன்றங்கள் வேறு. ஆண்டு நகைச்சுவையே பயன் என்பதை அனைவரும் அறிவர். நடுவர் எப்பக்கம் தீர்ப்புக் கூறினும் ஒருவரும் நோவார். விஜய் தொலைக்காட்சியில் 2006 முதல் நிகழும் ‘நீயா நானா’ என்பது இருசாராரை எதிரெதிர் அமர்த்திப் பேசுவிப்பது. அதன்கண் குடும்ப வாழ்வின் பல உண்மைகள் வெளிப்பட்டதுண்டு. பெயர் மட்டும் சித்தாந்தம் பயின்றார்க்குச் சற்றே நெருடும். நீ, நான் என்னும் முனைப்பினை அறுத்தற்கே சாத்திரம் பதினான்கும் எழுந்தன. அம்முனைப்பே ஈண்டு வாயிற்படியில் எழுதப்பட்டுளது.

அற்றேல், காண்பார் கண்ணும் செவியும் உடையர். நல்ல வாதினைக் காட்டின் நல்லதனைக் கண்டு தெளிவர். தீயதனைக் காட்டுவார்பாலே குற்றம் முழுதும் எனின், அது பொருந்தாது. என்னை? பற்றுடையான் தன்முன் உள்ளதனையும் உள்ளவாறு காணான் ஆகலின். அமெரிக்க நாட்டிலே 1951ஆம் ஆண்டில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் என்னும் இரு கல்லூரிகளுக்கிடையே ஒரு பந்தாட்டம் நிகழ்ந்தது. அது மிக்க கடுமையாக முடிந்தது. பின்னர் ஆராய்ச்சியாளர் இருவர் அவ்வாட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்க்கும் காட்டி, விதி மீறல்களை எண்ணுக என்றனர். படம் ஒன்றே. எனினும் டார்ட்மவுத்தார் செய்த மீறல்களாக அவர்தம் மாணவர் கண்டதினும் இருமடங்கிற்கு மேலாகப் பிரின்ஸ்டன் மாணவர் கண்டனர். இவ்வாராய்ச்சி 1954இல் வெளிவந்தது. 1985இல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சியில், லெபனானில் நிகழ்ந்த படுகொலை பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை இசுரேல் சார்பினரும் அராபியர் சார்பினரும் கண்டனர். அச்செய்தி தம் பக்கத்திற்கே தீங்கு செய்கின்றது என இரு சாராரும் ஒருங்கே கூறினர். பொய் கூறினார் அல்லர். அவ்வாறே அவர்க்குத் தோன்றிற்று.

அறிஞர் இருவரை எதிரெதிர் நிறுத்தித் தொலைக்காட்சியில் வாதிடச் செய்யும் வழக்கம் அந்நாட்டிலே 1968ஆம் ஆண்டு பெரிதும் பேசப்பட்டது. வில்லியம் பக்லி என்பாரும், கோர் விடால் என்பாரும் கட்சி மாநாடுகளையொட்டிப் பத்து இரவுகள் வழக்கிட்டனர். இருவரும் கல்வி நிரம்பியவர், சொல்வல்லர். போர், வறுமை, அரசு என்பன பற்றி அவர் பேசியன பல. ஆயினும் ஓரிரவு ஒருவர் வசைமொழி கூற, மற்றவர் அதனினும் இழிந்த வசையும் அடிப்பேன் என்னும் அச்சுறுத்தலும் கூறினார். ஐம்பதாண்டு கடந்தும் உலகம் நினைவிற் கொண்டிருப்பது அவ்வசையினையே. அவ்விருவரும் பின்னர்ப் பல்லாண்டு வழக்காடு மன்றத்தும் பொருதனர். பத்திரவுப் பேச்சில் எஞ்சியது வேலி முள் மட்டுமே போலும்.

இந்நிலைக்குக் காரணம் நம் சாத்திரம் முன்னரே கூறியுளது. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. பளிங்கு தன்னருகு வைத்த நிறத்தைத் தன் நிறமாகக் காட்டும். அப்பளிங்கிற்கு அந்நிறம் வேறென்பது தோன்றாது. ஒரு கட்சியையோ, ஒரு தலைவரையோ, ஒரு பேச்சாளரையோ சார்ந்த நெஞ்சு, அவரது வெற்றியைத் தன் வெற்றியாகவும், அவர் தடுமாற்றத்தைத் தனக்குற்ற புண்ணாகவும் கொள்ளும். பேச்சாளர் சென்னையில் அமர்ந்து பேசுகின்றார். தோற்குங்கால் மெய் நடுங்குவதோ கள்ளக்குறிச்சியில் இருப்பவனுக்கு. அவ்வாறு நடுங்குபவன் அவையோன் ஆகான். அவன் மூன்றாம் வாதி.

உமாபதி சிவாசாரியர் தம் சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்தில் நூல் கேட்பாரை மூவகைப்படுத்தினார். பழமை பற்றி நன்றென்றும், புதுமை பற்றித் தீதென்றும் கொள்ளாது, மணியின்மேற் படிந்த மாசினை நீக்கி மணியைக் கொள்வார் போல உண்மையை விரும்புவார் தலையாயவர். தொன்மையும் அழகும் உண்டோ என ஆராய்ந்து ஏற்பார் இடைப்பட்டவர். ஆராய்ச்சி வலியின்றிப் பலர் புகழின் தாமும் புகழ்ந்து, அயலார் இகழின் தாமும் இகழ்ந்து, தமக்கென ஒரு கருத்தும் இல்லாதார் கடையாயவர். பதினான்காம் நூற்றாண்டில் ஏட்டுச்சுவடி கேட்பார்க்கு எழுதிய இவ்வகுப்பு, இந்நாளைக் காண்பார்க்கு அளந்து தைத்த சட்டை போல் அமைந்துளது. தொலைக்காட்சியாளர் வாதின் ஒரு துண்டினை வெட்டி, ‘அலறவிட்டார்’, ‘வாயடைத்தார்’ எனத் தலைப்பிட்டு விடுவர். காண்பான் கேட்பதற்கு முன்னரே யாரைப் புகழ்தல் வேண்டும், யாரை இகழ்தல் வேண்டும் என்பது அவனுக்கு அறிவிக்கப்பட்டுவிடுகின்றது. கடையாயவரை உண்டாக்குதற்கு இதனிற் சிறந்த பொறியொன்று இதுகாறும் கண்டிலம்.

ஈண்டு ஒரு தடை எழும். அங்ஙனமாயின் காண்பான் எக்கோளும் இலனாய், வெண்தாள் போல் இருத்தல் வேண்டுமோ? சித்தாந்தம் தன் கோளை உறுதியாகக் கொண்டதன்றோ? எனின், அற்றன்று. கோள் உடைமை வேறு, பற்று வேறு. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதம் முதலாகப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு மதங்களை எடுத்து மறுக்கின்றார். ஒவ்வொன்றனையும் மறுப்பதன் முன் அம்மதத்தான் கூற்றை அவனே கூறியவாறு எடுத்துரைக்கின்றார். உலகாயதப் பகுதியைத் தனியே படிப்பவன், இதனை எழுதினார் உலகாயதரே போலும் என மயங்குவன். அத்துணை வலிமையோடு அக்கோள் ஆண்டு நிற்கின்றது. மறுதலை அதன் பின்னரே வருகின்றது. உமாபதி சிவம் கி.பி. 1313இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்திலும் மாறுகொண்ட கோள்கள் தத்தம் குரலிலேயே முதற்கண் பேசுகின்றன. இதனால், மறுப்பவன் அறிந்திருத்தல் வேண்டுவதனைக் கேட்பவனும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது பெறப்படும். தன் பக்கத்தாரின் கூற்றை ஒப்பிக்க வல்லார் பலர். எதிர்ப்பக்கத்தார் கூற்றினை, அவரே கேட்பினும் ‘ஆம், யாம் கூறியது இதுவே’ என்னும்படி எடுத்துக் கூற வல்லான் ஒருவன் உளனாயின், அவன் அன்றிரவு வாதினைக் கேட்டானாவன். மதுவிலக்கு வேண்டுவோன், வேண்டாதோனது அச்சத்தை இவ்வாறு கூற வல்லனோ? வேண்டாதோன், கருணாபுரத்துக் கைம்பெண்டிர் விலக்கு வேண்டுமெனக் கூறின் அதன் நியாயத்தை இவ்வாறு கூற வல்லனோ?

இக்குற்றம் அரசியல் பேசுவார்க்கே உரியது, சிவநேயர்க்கு இல்லை என்று எண்ணி மகிழ்தற்கும் இடமில்லை. திருவருட்பா 1867ஆம் ஆண்டில் அச்சேறியது. அதனை அருட்பா எனல் தகாது என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் பக்கத்தார் மறுத்தனர். இராமலிங்க அடிகள் பக்கத்தார் எதிர் மறுத்தனர். 1869இல் அப்பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. மஞ்சக்குப்பம் அந்நாளிற் கள்ளக்குறிச்சி வட்டமும் அடங்கியிருந்த தென்னார்க்காட்டு மாவட்டத்தின் தலைமையிடம். அம்மன்றத்தில் நிகழ்ந்ததனை ஒரு சாரார் ஒருவாறும் மறுசாரார் பிறிதொருவாறும் தலைமுறை தலைமுறையாகக் கூறி வருகின்றனர். பெரியோர் இருவரும் மறைந்தபின்னும் வழக்கு ஓயவில்லை. 1903ஆம் ஆண்டளவில் நா. கதிரைவேற்பிள்ளையும், பின்னாளில் மறைமலையடிகள் என வழங்கப்பெற்ற வேதாசலம் பிள்ளையும் அதுபற்றிச் சென்னையில் எதிர்நின்றனர். இசுலாமியராகிய செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று பேசினார். அந்நாளைக் கண்டன நூல்கள் இப்போது தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் புரட்டுவோர், அருள் என்பது யாது, அருளிச்செயல் என்பதற்கு இலக்கணம் யாது, திருமுறைக்கு எல்லை யாது என்னும் உயர்ந்த வினாக்களைச் சில பக்கங்களிலும், பிறப்பு, ஒழுக்கம், எழுத்துப்பிழை பற்றிய வசைகளைப் பல பக்கங்களிலும் காண்பர். அன்று தொலைக்காட்சி இல்லை. விளம்பர இடைவேளை இல்லை. துண்டுப் பிரசுரம் ஒன்றே இருந்தது, அதுவே போதியதாயிற்று. இன்றும் அவ்விருவருள் ஒருவர் பெயரைக் கூறியவுடன் முகம் மாறுவார் சைவருள் உளர். அவர்களுள் இரு திறத்தார் கண்டனங்களையும் முழுதும் படித்தவர் எத்துணையர்?

திருவெண்ணெய்நல்லூரிலேயே மற்றுமொரு வழக்கு நிகழ்ந்ததாகச் சந்தான பரம்பரை கூறும். மெய்கண்டார் இளம்பருவத்தினராய் மாணவர்க்கு ஆணவமலத்தின் இயல்பினை விரித்துரைத்திருந்தார். சகலாகம பண்டிதராகிய அருணந்தியார் தம் புலமை மிகுதியாற் சினந்து சென்று, ஆணவத்தின் சொரூபம் யாது என வினவினார். மெய்கண்டார் வாய் திறந்திலர். நின்றவரை அடிமுதல் முடிவரை நோக்கினார். அவ்வளவே. அருணந்தியார் அடியில் வீழ்ந்து மாணவராயினார். சூழவிருந்த மாணவர்கள், அவர்தம்முட் சிலர் அப்பண்டிதரிடமே முன்னர்ப் பயின்றவர், யாது செய்தனர் என்று வரலாறு விரித்துரைக்கவில்லை. கைகொட்டினார் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. தோற்றவரே பின்னர்ப் பரபக்கம் பாடியவர் என்பதையும், தம் தோல்வியை மறைக்க அவர் யாதும் செய்திலர் என்பதையும் எண்ணுக. இந்நாளில் ஒரு பேச்சாளர் நடுவில் நின்று, ‘ஐயா, நீர் கூறியது பொருந்தும், என் கோளை மாற்றிக்கொண்டேன்’ என்று கூறின், அவர்தம் பக்கத்துக் காண்பார் அவரை என் செய்வர்? அஞ்சியே அவர் கூறாதொழிகின்றார் என்பதிற் சிறிதும் ஐயமில்லை. ஆகலின் வாதிடுவாரின் பிடிவாதத்திற்கு ஒரு பாதிக் கடன் காண்பார் கணக்கில் எழுதற்பாலது.

கருணாபுரத்து வழக்கு வேறு அவைகளுக்கும் சென்றது. 2024 ஜூலைத் திங்களிற் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. 1976ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் கீழ் இருந்த மலை அது. வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். சாலை உண்டா, மருத்துவ வசதி உண்டா, பள்ளி உண்டா என அம்மன்றம் அரசினை வினாவி அறிக்கை கேட்டது. அவ்வாண்டு நவம்பரிற் கள்ளச்சாராய வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றும் கேட்கப்படும் இடம் அது. ஆனால் அவ்வறிக்கைகளைக் கேட்பாரும் படிப்பாரும், சூன் திங்களில் இரவுதோறும் பெட்டிமுன் இருந்தோரின் ஆயிரத்தொரு கூறும் ஆகார். வாது முடிந்தவுடன் காண்பார் எழுந்துவிட்டனர்.

திருவெண்ணெய்நல்லூர் அவையார் அவ்வாறு எழுந்திலர். தோற்றவர் இன்னார் எனத் தீர்ப்புக் கூறியபின்னர், வென்ற முதியவரை நோக்கி மேலும் ஒன்று வினாவினர். ‘நும் ஓலையில் நுமக்கு இவ்வூரே பழைய இருப்பிடம் என்று எழுதப்பட்டுளது. இவ்வூரில் உள்ள யாம் நும்மைக் கண்டதில்லை. நும் மனையையும் வாழ்நிலத்தையும் காட்டுக’ என்றனர். முதியவர், ‘ஒருவரும் அறியீராயிற் போதுக’ என்று முன் நடந்தார். அவையார் அனைவரும் அவர் பின் சென்றனர். அவர் திருவருட்டுறையினுட் புகுந்தார். பின்னர் அவரைக் கண்டிலர்.